காமன் கூத்து, பாகம் இரண்டு

இந்த வருஷம் காமன் கூத்தை உலகத் தரத்தில் படம் பிடித்தே தீருவது என்று பசறைத் தோட்டக் கோயில் கமிட்டிச் செயலாளர் புவனேந்திரன் சபதம் போட்டார். காரணம் பக்தி இல்லை, சுத்தமான பொறாமை. போன வருஷம் மனைவி கலாராணி போனில் எடுத்த கூத்தை லயத்து வீடுகளில் இருந்த சனமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தது. பாதிப் படத்தில் அவள் கட்டைவிரல்தான் கதாநாயகன். மீதியில், "ஏய், மறைக்காத, தள்ளு!" என்று அவள் சத்தம். அதைப் போய்ச் சனம் பத்துத் தடவை பார்க்கிறதே!

"பாகம் ரெண்டு பதுளை வீடியோ கம்பெனி எடுக்குது. ட்ரோன் எல்லாம் வருது. நீ உன் போனைத் தொடப்படாது."

"சரிங்க. என் போனைத் தொடல. சத்தியம்."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதே உறைத்திருக்க வேண்டும். பாவி மனுஷன் சந்தோஷப்பட்டுவிட்டார்.

கூத்து முடிந்து ஒரு மாசத்தில், கோயில் மடத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். தோட்டமே கூடியிருந்தது. அடேயப்பா, என்ன பளபளப்பு! தேயிலை மலை, மூடுபனி, வயலின். அப்புறம்தான் வந்தது வினை. கம்பெனிக்குக் கல்யாண வீடியோ மட்டும்தான் பழக்கம். மன்மதனையும், ரதி வேஷம் கட்டிய கணபதியையும் மாப்பிள்ளை பொண்ணாக்கி, மெதுவாக நடக்கவிட்டு, சுற்றிலும் சிவப்பு இதயங்களைப் பறக்கவிட்டிருந்தார்கள். மீசை மழித்த ஐம்பது வயதுக் கணபதி வெட்கப்பட்டுச் சிரித்தார். அத்தோடு சுபம்!

"மன்மதனை எரிக்கிறது எங்கேய்யா?" என்று எழும்பினார் கமிட்டித் தலைவர் சுந்தரலிங்கம்.

புவனேந்திரன் கம்பெனிக்குப் போன் அடித்துக் கேட்டார். "கல்யாண வீடியோல சோக சீன் வைக்க மாட்டோம் அண்ணே. வெட்டிட்டோம்."

"செயலாளரை மாத்துங்க!" என்று சனம் கத்தியது. பத்து வருஷப் பதவி! அவர் மனைவி பக்கம் ஓடினார்.

"கலா, ஏதாவது செய்யேன்."

கலாராணி அவர் சட்டைப் பையில் கைவிட்டு, அவருடைய போனை எடுத்துப் புரொஜெக்டரில் மாட்டினாள். "என் போனைத்தானே தொடப்படாதுன்னீங்க? கூத்தன்னைக்கு ட்ரோன் பின்னாடி ஓடினப்ப இதை எங்கிட்டதான குடுத்துட்டுப் போனீங்க?" போனில் பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத புவனேந்திரன் வாயைப் பிளந்தார்.

படம் ஆடியது. கட்டைவிரல் வந்தது. ஒரே கைதட்டல்! மன்மதன் எரிந்தான், ரதி ஒப்பாரி வைத்தாள், கூடவே கலாராணி மூக்கை உறிஞ்சினாள். சனம் அழுதது, அழுகிற தன் மூஞ்சியையே திரையில் பார்த்துச் சிரித்தது. "இதுல்ல படம்!" என்றார் தலைவர். அப்பாடா! புவனேந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்தி, "என் போன்ல எடுத்ததாக்கும்!" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் அவரே தோன்றி, ட்ரோன்காரன் காதில் சொன்னார்: "தம்பி, தலைவர் மூஞ்சி வந்தா மேல தூக்கிருங்க. மலை அழகா இருக்கும்."

மடமே விழுந்து விழுந்து சிரித்தது. நல்லவேளை, தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதையாவது வெட்டியிருக்கப்படாதா, கலா?"

"எனக்கு வெட்டத் தெரியாதுங்களே. நான் என்ன கம்பெனியா?"