அறுபத்தெட்டு கிலோ

"எழுபத்தொண்ணு" என்றான் சீட்டு எழுதுகிறவன்.

"இல்லை. அறுபத்தெட்டு" என்றார் தராசுக்காரர்.

அவர் மனைவி எடை மேடையில் நின்றபடியே முள்ளை எட்டிப் பார்த்தாள். மூன்று கிலோவில் என்ன ஆகிவிடப் போகிறது, சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று மெல்லச் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை.

பாய்மரக் கப்பல்கள் வந்து போன பழைய துறைமுக ஊர் அது. ஒரு காலத்தில் ஐம்பது அறுபது கப்பல் வரிசை கட்டி நின்றதாம். அப்படி ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதினவன் எண்ணிப் பார்த்தானா தெரியாது. இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பும். சின்னக் கப்பல், ஒரு பக்கம் பாரம் கூடினால் சாயும். அதனால் ஏறுகிற ஒவ்வொருவரையும் எடை போட்டு, சீட்டில் எழுதி, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று பிரித்து உட்கார வைப்பார்கள். சீட்டில் எடை இல்லாமல் கேப்டன் யாரையும் ஏற்ற மாட்டார்.

தராசுக்காரர் நாற்பது வருடம் கடைத் தராசுகளைப் பழுது பார்த்தவர். தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டுகிறவன், முள்ளை வளைக்கிறவன், கட்டைவிரலால் அழுத்துகிறவன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. அதனால் அவருக்கு எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. காலையில் கூட வழிகாட்டி எவனும் வேண்டாம், எல்லாம் புளுகு என்று சொல்லிவிட்டு அவரே முன்னால் நடந்தார். கயிறு திரிக்கிற சந்தில் இரண்டு முறை வழி தவறினார். இரண்டு முறையும் அவர் மனைவிதான், இந்தப் பக்கமாக இருக்கலாம் என்று கை காட்டினாள். சரியாக இருந்தது. அதைத் தன் திறமையில் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கப்பல் பயணம் அவர் கொடுத்த வாக்கு. கல்யாணமான புதிதில், உன்னை ஒரு நாள் பாய்மரக் கப்பலில் கூட்டிப் போகிறேன் என்று சொன்னார். முப்பத்தாறு வருடம் ஓடிவிட்டது. அடுத்த மாதம் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன். அதற்கப்புறம் கப்பல் ஏணி ஏறுகிற பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பருவத்துக்கு இன்றுதான் கடைசிப் பயணம். மூன்று மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். கடல் நீர் இறங்கிவிட்டால் துறையில் ஆழம் போதாது. மணி இப்போது இரண்டே கால்.

"தம்பி, இவ எடை எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை தோறும் நானே போட்டுப் பாக்கறேன். உன் மெஷின் பொய் சொல்லுது."

"ஐயா, நான் வந்தே ரெண்டு வாரம்தான் ஆகுது. முள்ளு காட்டுறதை எழுதச் சொன்னாங்க, எழுதுறேன்."

அவன் நேர்மையாகத்தான் பேசினான். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பையிலிருந்து திருகுளியை எடுத்தார். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவன் திருகுளி கொண்டு வருவானா என்று கேட்கக்கூடாது. அவர் சாவு வீட்டுக்கும் அதைக் கொண்டு போகிறவர்.

எடை மேடையின் பக்கவாட்டில் இருந்த திருகாணியை அரைத் திருகு திருகினார். மனைவியை மறுபடி ஏறி நிற்கச் சொன்னார். ஐம்பத்து நான்கு காட்டியது.

"பரவாயில்லை, இதையே எழுதிக்கோங்க" என்றாள் அவள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இதுவரை சீட்டு வாங்கினவர்கள் எல்லாருக்கும் எடை தப்பு, இதை நம்பி உட்கார்ந்தால் கப்பல் நடுக்கடலில் ஒரு பக்கமாகப் படுத்துவிடும் என்று அவர்களைப் பார்த்து விளக்கினார். வரிசை சிரிப்பை நிறுத்தியது. முன்னாலேயே கப்பலில் போய் உட்கார்ந்திருந்த எட்டுப் பேருக்கு விஷயம் எட்டியது. கப்பல் கட்டியிருந்த மரப்பாலத்தின் கோடியிலிருந்து அவர்களும் இறங்கி, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எடை போடுகிற கொட்டகைக்கு ஓடி வந்தார்கள். மொத்தம் இருபது பேர் அவரைச் சுற்றி நின்றார்கள்.

ஐந்து நிமிடத்தில் சரி செய்து தருகிறேன் என்று சொல்லி மேடையின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த ஸ்பிரிங் எத்தனை வருடமாக இதற்காகக் காத்திருந்ததோ, துள்ளி வெளியே வந்தது. கொட்டகையின் தரைப் பலகையில் ஒரு முறை விழுந்தது. இடுக்கு வழியாகக் கடலுக்குள் போய்விட்டது.

எல்லாரும் குனிந்து இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். 

"முடிஞ்சுது. இனிமே எதை எழுதுறது?" என்றான் சீட்டு எழுதுகிறவன்.

சும்மா விட்டிருக்கலாம் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதை ஒப்புக்கொள்கிற பழக்கம் அவரிடம் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீளப் பலகையும் உருட்டுக் கட்டையும் கிடந்தன. இழுத்து வந்து கட்டை மேல் பலகையைப் போட்டார். பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடுகிற பலகை மாதிரி ஆயிற்று. ஒரு முனையில் மனைவியை உட்காரச் சொன்னார்.

"நானா? எதுக்கு?"

"இந்த ஊர்ல எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச எடை நீ ஒருத்திதான். அறுபத்தெட்டு. உன்னை வெச்சு மத்தவங்களை நிறுத்துடறேன்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடையை விரித்து, முகம் மறைகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெட்கமாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

எதிர் முனையில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கனமான ஆள் என்றால் பலகை சமமாகும் வரை உள்பக்கம் நகர வேண்டும்; லேசான ஆள் என்றால் அவர் மனைவி நகர வேண்டும். கட்டையிலிருந்து எத்தனை சாண் என்று அளந்து, வாய்க்குள் கணக்குப் போட்டு எடை சொல்வார். பையன் எழுதுவான். ஆள் பாலத்தில் நடந்து கப்பலுக்குப் போவார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இது சரியான முறைதான் என்று பாராட்டினார். ஒரு அம்மாள் தன் எடையைச் சத்தமாகச் சொன்னதற்காக அவரோடு சண்டை பிடித்தாள். அவள் கணவர், உண்மையைத்தானே சொன்னார் என்று வாய்விட்டார். அவர்களைச் சமாதானம் செய்து கப்பலுக்கு அனுப்பவே நாலு நிமிடம் போயிற்று.

பாலத்தின் கோடியில் மணி அடித்தார்கள்.

"ஏங்க, நாம ஏற வேண்டாமா?" என்றாள் குடைக்கு அடியிலிருந்து.

"எடைக்கல்லை முதல்ல எடுத்துட்டா மத்தவங்களை எதை வெச்சு நிறுக்கிறது?"

"தண்ணி இறங்குதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிக்கட்டுல பாசி தெரியுது பாருங்க. மூணாம் படி தெரிஞ்சுட்டா நிக்க மாட்டாங்க."

அவர் பார்க்கவில்லை. இன்னும் நாலு பேர் பாக்கி. தொழிலில் இறங்கிவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. நாலு பேரையும் முடித்தார். இரண்டாவது மணி அடித்தது. கடைசியாக அவரே எதிரில் உட்கார்ந்து, தன் எடையைப் பார்த்து, அறுபத்தொன்று என்று எழுத வைத்து, இரண்டு சீட்டையும் வாங்கினார். அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினார். அவள் குடையை மடக்கவில்லை.

பாலம் நீளமானது. அவளால் ஓட முடியாது. பாதி தூரம் வந்தபோது பாய் விரிந்தது. முக்கால் தூரம் வந்தபோது கப்பலுக்கும் பாலத்துக்கும் நடுவில் பத்தடி தண்ணீர் இருந்தது. கோடிக்கு வந்து சேர்ந்தபோது இருபது பேரும் இரண்டு பக்கமும் சரிசமமாக உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போனார்கள். கப்பல் ஒரு விரல் கூடச் சாயவில்லை.

அவர் கையில் இரண்டு சீட்டு இருந்தது. எடை இரண்டும் மிகச் சரி.

கல் திண்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையை எவன் கையிலும் விட மனசு வராமல் எல்லா ஊருக்கும் இவளைத் தனியாகவே அனுப்பினோம் என்று நினைத்தார். கல்யாணத்துக்குத் தனியாகப் போனாள். சாவுக்குத் தனியாகப் போனாள். வருடா வருடம் அக்காள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள், அதற்கும் தனியாகத்தான் ரயில் ஏறினாள். ஒரு தடவையாவது கூடப் போயிருக்கலாம். எவனோ எடையில் ஏமாற்றிவிடுவான் என்று பயந்து இத்தனை வருடத்தை விட்டுவிட்டோமே. 

"தப்பு என் மேலதான்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "சரி, விடுங்க."

"எப்படி விடறது? ஒரே ஒரு ஆசை வெச்சிருந்தே. கடைசி நாளுக்குக் கூட்டிட்டு வந்து, அதையும் எடைக்கல்லா உக்கார வெச்சே கழிச்சுட்டேன். கப்பல்னா என்னன்னே தெரியாமப் போச்சு உனக்கு."

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்லாதே. என்னைத் திட்டக்கூட உனக்கு வாய் வராது, அது எனக்குத் தெரியும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னவோ அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

கப்பலை அவிழ்த்துவிட்ட பெண் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். இவர்களைத் தாண்டிப் போனவள் நின்றாள். குனிந்து குடைக்குள் பார்த்தாள்.

"என்னக்கா, இங்க உக்காந்துட்டீங்க? ஏழு வருஷமா கடைசி நாள் சுக்கான் பிடிக்கிறது நீங்கதான்னு, கப்பல் தரை தட்டப் போற வரைக்கும் கேப்டன் உங்களுக்காகக் காத்திருந்துட்டுப் போறாரு. எப்பவும் தனியாத்தானே வருவீங்க, இந்தப் பெரியவர் யாரு?"