பெரியப்பாவின் முழங்காலும் பாரம்பரியக் குழுவும்

மாட்சிமை பொருந்திய தட்சிணாமூர்த்தி பெரியப்பாவின் சமூகத்துக்கு, புதுச்சேரியிலிருந்து தம்பி மகன் கலைவாணன் பணிந்து எழுதுவது. இங்கு கூரையைத் தவிர அனைவரும் நலம்.

உலகம் அறிய வேண்டிய செய்தி: சென்ற செவ்வாய் காலை எட்டே கால் மணிக்கு, நம் கூடத்துக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக் காரை பிரிந்து அப்பாவின் சாம்பாரில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அப்பா அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மீதி இட்லியை முடித்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் தேய்ந்த முழங்காலோடு டிசம்பரில் திரும்பும் நீங்கள், பின்கட்டுக் கடைசியில் இருக்கும் கழிப்பறைக்கு நொண்டிப் போகாமல், இந்த வீட்டை இடித்துக் கட்டிப் படுக்கையறைக்குள்ளேயே ஒன்று வைத்துக்கொள்ள ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் இடிக்க வேண்டுமானால், இது பழைமையான வீடு இல்லை என்று பாரம்பரியக் குழு பார்த்துச் சொல்ல வேண்டுமாம். இந்த ஊரில் கடற்கரைப் பக்கம் காரை விழுந்தால் மஞ்சள் பூசி, காகிதப்பூச் செடி நட்டு, அதன் கீழே காப்பிக் கடை போடுகிறார்கள். கல்யாண ஜோடிகள் போட்டோவுக்காக யார் வீட்டுக் கதவிலோ சாய்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, கதவுக்கு உரியவர் பால் வாங்க வெளியே வர முடியாமல் உள்ளே தூக்குச்சட்டியோடு நிற்கிறார். கேட்டால் பாரம்பரியமாம்!

குழு வந்த அன்று அப்பாவுக்கு வேலை. "இன்னா கேட்டாலும் புது வீடுன்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேர் வந்தார்கள். தலைவி சுடர்விழி மேடம், வைத்தியர் நெஞ்சைத் தட்டுவதுபோலச் சுவரைத் தட்டினார். அக்கா ஹெல்மெட் மாட்டும் தூணைக் கட்டிக்கொள்ளாத குறை. அதிலிருந்த செங்கறையைக் காட்டினார்.

"தம்பி, இந்தக் கறைய யாரும் தொடக்கூடாது. காலம் போட்ட கையெழுத்து இது."

"எங்க அக்கா மருதாணிக் கையத் தொடச்சது மேடம்."

விட்டேனா? "இந்த வீட்டுல பழசுன்னா எங்கப்பா சட்டை மட்டுந்தான்" என்று முகத்துக்கு நேரே போட்டேன். குழு வாயடைத்துக் கிளம்பியது. உங்கள் புது வீடு எழும்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிபுணர் வந்தாலும் வழியனுப்ப நான் ஒருவன் போதும்.

பெரியம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்காலை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கலைவாணன்

பின்குறிப்பு: பெரியப்பா, உட்கார்ந்துகொண்டு படிக்கவும். மேலே எழுதியதில் அப்பா சட்டை வரைக்கும்தான் உண்மை. அவர்கள் வாயடைக்கவில்லை, சிரித்தார்கள். "நல்லாப் பேசறியே! வீட்டப் பத்தி வேற இன்னா தெரியும்?" என்று மேடம் கேட்டார். என்னை மதித்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிரெஞ்சுக் கப்பல் தலைவன் ஒருவன் காய்ச்சலோடு நம் வீட்டில் கிடந்து, பிழைத்து, நன்றிக்கடனாகப் பின்கட்டுக் கழிப்பறையைத் தன் கையால் கட்டிக்கொடுத்தான் என்று சொல்லிவிட்டேன். மேடம் கண் கலங்கி எழுதிக்கொண்டார். நேற்று ஓலை வந்துவிட்டது: வீட்டில் ஒரு செங்கல்லையும் அசைக்கக் கூடாதாம். கழிப்பறைக்குத் தனிப் பாதுகாப்பாம், இனி யாரும் உள்ளே போகக் கூடாதாம். மன்னித்துவிடுங்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவர் அதற்குள்தான் இருக்கிறார்.