பெல்மார்தோவுக்கு வைத்த பூசை

அன்பு மிகுந்த மணப்பாடு மச்சான் ஜெரால்டு அவர்களுக்கு, தூத்துக்குடி தேவதாசன் தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா கிருபையால் எல்லாரும் சுகம். உங்கள் தங்கச்சி ஜெபசுதா மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் கடிதம். பதற வேண்டாம், எல்லாம் என் கைக்குள் இருக்கிறது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனபிறகு, சாயங்காலமானால் மகள் ஆனியோடு உட்கார்ந்து ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர் பார்ப்பது என் வழக்கம். முதலில் அது வீடியோ கேமாக வந்ததாம். அதையும் விளையாடி முடித்தேன். அதில் அரக்க ராஜாவுக்கு ஆலோசகர் பெல்மார்தோ. தலையில் கொம்பு உண்டு, ஆனால் அதால் ஒருத்தரையும் முட்டியதில்லை. வெறும் வாயாலும் வரைபடத்தாலும் எழுபத்திரண்டு சண்டை ஜெயித்த மூளை மச்சான்! போன வாரம் வந்த பாகத்தில் அவரைக் கொன்றுபோட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மாசம் பழகின மனுசன் அல்லவா? நேரே கோவில் ஆபீசுக்குப் போய், செத்தவர் பேரில் வைக்கிற ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஞாயிறுதான் ஆனி கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்க முதல் ஓலை வாசிக்கிறார்கள் என்பது மறந்தே போச்சு.

ஓலைக்கு முன்னால், "மரித்த பெல்மார்தோவின் ஆன்மாவுக்காக, தேவதாசன் குடும்பத்தார்" என்று மைக்கில் வாசித்தார்கள். வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ரோச் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சம்மந்தி, துட்டி வீடுன்னு ஒரு வார்த்த சொல்லலியே! யாரு அவரு?"

பெல்மார்தோவின் முதல் தந்திரம்: பொய் சொல்லாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

"ஒரு ராஜாவுக்கு ஆலோசகர், அண்ணாச்சி. வெளிநாட்டுல."

"எப்படிச் செத்தாரு?"

"சண்டையில. தனி ஆளா நின்னு."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டுப் பெரிய மனுசன் போயிருக்காரு. கல்யாணத்த ஒரு வருசம் தள்ளி வைப்போம்."

தந்திரம் கொஞ்சம் கூடுதலாகவே பலித்துவிட்டது. மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, ஆனி அழுதுக்கிட்டே கிடக்கா. "ஊர்லயே பேய்க்குப் பூசை வச்ச மொத ஆளு நீங்கதான்!" என்றதோடு ஜெபசுதா வாயை மூடினவள்தான். விடுங்க மச்சான், ரெண்டாவது தந்திரம் இருக்கு: எதிரி மதிக்கிற ஆளை அனுப்பு. புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க. "செத்தவருக்குக் கல்யாணத்தைத் தள்ளிவைப்பது பிடிக்காது" என்று அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க முகத்துக்கு மறுப்பு கிடையாது. பெல்மார்தோவின் தந்திரம் தோற்றதே இல்லை, கடைசித் தடவை தவிர.

அக்காவுக்குத் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு வள்ளமும் வலையும் மாதா காவலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
தேவதாசன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுமுன்னே எல்லாம் மாறிப்போச்சு, வர வேண்டாம் மச்சான். ஆனியே அண்ணாச்சிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிட்டா. அவர் சிரிச்ச சிரிப்பு அடுக்களை வரைக்கும் கேட்டது, ஜெபசுதாவும் சிரிச்சுட்டா. கல்யாணம் குறித்த தேதியில்தான். உண்மையைச் சொல்லுதேன், ஒரு வருசம்னதும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசந்தான். ஆனி போயிட்டா சாயங்காலம் யாரோட உக்காருவேன்? அதையும் அவ சொல்லிட்டா போல. நேத்து அண்ணாச்சி வந்து, "மொதப் பாகத்துலருந்து போடும் சம்மந்தி"ன்னு பக்கத்துல உக்காந்துட்டாரு. இன்னொண்ணு, பெல்மார்தோ சாகவே இல்லையாம், அடுத்த பாகத்துல வாராராம். ரெண்டாவது ஓலை அன்னைக்கு நன்றிப் பூசை உண்டு. சீட்டு அண்ணாச்சி பேர்லதான்.