தோனா ரெமேதியோஸ் கொடுத்த முட்டை

"என் பொண்டாட்டி முட்டை குடுத்துட்டாய்யா!"

வால்மோரா கால்பந்துக் கழகத்தின் தலைவர் தோன் லெயாந்த்ரோ, பளபளக்கும் ஷூவோடு மைதானத்தின் நடுவே ஓடி வந்து இப்படிக் கத்தினார். மைதானக்காரர் ஃபெர்மின் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு ஊராக இருந்தால் 'அதுக்கென்ன இப்போ?' என்று கேட்டிருப்பார்கள். வால்மோராவில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"யாருக்கு? கிளாரா மடத்துக்கா?"

"பின்ன? நேத்து சாயங்காலம் கூடையும் கையுமா உள்ள போனா. வெறுங்கூடையோட வெளிய வந்தா. மூணு டஜனாவது இருக்கும்."

"எதுக்குன்னு கேட்டீங்களா, தலைவரே?"

"இத வேற கேக்கணுமா? மடத்துக்கு முட்டை எதுக்கய்யா குடுப்பாங்க? ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம். மழை வரக் கூடாதுன்னுதான்!"

நியாயம்தான். எங்கள் ஊரில் கல்யாண வீட்டார் கிளாரா மடத்துக்கு முட்டை கொடுப்பார்கள். உள்ளே கன்னியர் ஜெபிப்பார்கள். வானம் வாயை மூடிக்கொள்ளும். வானிலை அறிக்கை படிக்கிறவரே தன் கல்யாணத்துக்கு முட்டை கொடுத்த ஊர் இது.

சிக்கல் என்னவென்றால், அதே ஞாயிறு மாலைதான் பருவத்தின் கடைசி ஆட்டம். வால்மோரா முதல் பிரிவுக்கு ஏறி வந்த முதல் வருஷம். ஜெயித்தால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான். எதிரில் தலைநகரத்து அணி. அவர்களுடைய காலணிகளின் விலைக்கு எங்கள் அணியையே வாங்கிவிடலாம்.

அந்த வருஷம் சொந்த மைதானத்தில் நாங்கள் ஜெயித்ததெல்லாம் மழையில்தான். மைதானத்தின் வடக்கு மூலை பள்ளம். மழை பெய்தால் அங்கே சேறு கட்டும். எங்கே கால் வைத்தால் முழங்கால் வரை போகும் என்பது எங்கள் பையன்களுக்கு அத்துப்படி. வெயில் அடித்த நாளில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

"வானிலை அறிக்கையில ஞாயித்துக்கிழமை நல்ல மழைன்னு போட்டிருந்தான். இவ கெடுத்துட்டா" என்றார் தலைவர். "கீழ எறங்கினா நான் பதவிய விட்டுருவேன்னு பத்திரிகையில சொன்னது ஞாபகமிருக்கா? அவளோட மருந்துக் கடையில போய் ஒக்காந்து குடும்பத்தப் பார்த்துக்கறேன்னு?"

"ஊரே கை தட்டுச்சே!"

"நான் போறதுக்கு முன்னாடி நீ போவ. ரெண்டாம் பிரிவுல மைதானத்துக்கு ஆள் வெச்சுக்க வசதி கிடையாது. நாலு செம்மறி ஆடு வாங்கி விட்டா புல்ல அதுங்க பார்த்துக்கும். போ, முட்டையத் திருப்பி வாங்கிட்டு வா. என் பொண்டாட்டி ரெமேதியோஸுக்கு மட்டும் தெரியக் கூடாது!"

இருபது வருஷமாகக் குழந்தை மாதிரி வளர்த்த புல்லை ஆடு மேயும் என்று கேட்டதும் ஃபெர்மின் இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். கழுத்துத் துண்டோடு அப்படியே மடத்துக்கு ஓடினார்.

மடத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாது. சுவரில் ஒரு சுழலும் மரப்பெட்டி, அதற்குப் பின்னால் ஒரு குரல். அந்தக் குரலின் பெயர் சிஸ்டர் பெனிக்னா.

"மாசற்ற மரியே வாழ்க" என்றது குரல். "என்ன வேணும், தம்பி?"

"தோனா ரெமேதியோஸ் குடுத்த முட்டை வேணும், சிஸ்டர்."

"அத நேத்தே ஒடைச்சாச்சே! யேமா பண்ணிட்டோம்."

முட்டையின் மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்து மடத்தில் உருட்டும் யேமா மாகாணம் முழுக்கப் பிரசித்தம். ஃபெர்மின் அந்த நேரத்தில் அதைச் சபித்தார்.

"அப்போ அவங்க வேண்டுதல ரத்து பண்ணிருங்க சிஸ்டர். அது நெறவேறவே கூடாது."



"ஃபெர்மின் குரலாச்சே? மைதானத்துல வேலை பாக்கற ஆளா இப்படிப் பேசற?"

"அதனாலதான் பேசறேன்!"

"ஒருத்தர் வேண்டுதல்ல இன்னொருத்தர் கை வைக்க முடியாதுப்பா. வேணும்னா யேமாவ வாங்கிட்டுப் போ."

ஃபெர்மின் யோசித்தார். முட்டை உள்ளே வந்ததால்தானே ஜெபம்? முட்டை வெளியே போய்விட்டால் ஜெபமும் போய்விடாதா? இருந்த யேமா முழுவதையும் வாங்கி, மோவாய் வரை பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். எதிரே மதுக்கடை சாபினா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் வானொலிக்குத் தெரிந்த மாதிரி.

"என்ன ஃபெர்மின், மடத்துல ஒனக்கென்ன வேலை?"

தலைவர் தன் மகள் கல்யாணத்தில் மழை கேட்கிறார் என்று சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னார்.

"கிளப்புக்காக... முட்டை குடுக்க வந்தேன்."

"கிளப்புக்கா? ஆட்டம் ஜெயிக்கவா?" சாபினாவின் கண் விரிந்தது. "அட, நமக்கு இது தோணாமப் போச்சே!"

மறுநாள் காலையில் மடத்து வாசலிலிருந்து தபால் நிலையம் வரை வரிசை. ஆளுக்கொரு முட்டை அட்டை. கசாப்புக்காரர் வாத்து முட்டை கொண்டு வந்தார். பள்ளி ஆசிரியை காடை முட்டை கொண்டு வந்தாள். ஊரில் ஒரு கடையிலும் முட்டை இல்லை. சாபினாவே தன் கடை வாசலில் 'ஞாயிறு வரை முட்டை ஆம்லெட் கிடையாது, வால்மோரா வாழ்க!' என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

"யோவ், என்னய்யா பண்ணித் தொலைச்ச?" தலைவர் தொலைபேசியில் அலறினார். "எதுக்குக் குடுத்தாலும் முட்டைன்னா மழை நிக்கும்யா, மூணு டஜனுக்கே நிக்கும். இப்போ குடுத்திருக்கறதுக்குப் பாலைவனம் ஆயிருமேய்யா நம்ம ஊரு!"

ஃபெர்மின் மதுக்கடைக்கு ஓடி, "முட்டை போதும், நிறுத்துங்கப்பா" என்று கெஞ்சினார். "பார்த்தியா, தன்னடக்கம்!" என்று ஊரே அவரைக் கட்டிப் பிடித்து, இன்னொரு தவணை முட்டைக்குப் பக்கத்து ஊருக்குக் கிளம்பியது.

ஞாயிறு விடிந்தது. மருந்துக்குக்கூட ஒரு மேகமில்லை. வானிலை அறிக்கைக்காரன் மன்னிப்புக் கேட்டான்.

ஃபெர்மின் மைதானத்தின் நடுவே நின்று புல்லைப் பார்த்தார். காய்ந்து, அழகாக, தட்டையாக, தலைநகரத்து அணிக்கு விரித்த கம்பளம் மாதிரி கிடந்தது. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் சுவரோரம் தண்ணீர்க் குழாய் கண்ணில் பட்டது. வாரம் பூராவும் வானத்தையே அண்ணாந்து பார்த்த ஊரில் ஒருவருக்கும் குழாய் ஞாபகம் வரவில்லை.

மைதானத்துக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. யார் கேட்க முடியும்? வடக்கு மூலையில் குழாயைப் போட்டு முழுசாகத் திறந்தார். மதியம் போதுமென்று மூடப் போனபோது, கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

தண்ணீர் மூலையை நிரப்பியது. கோல் கம்பம் வரை வந்தது. பிறகு சுவருக்கு அடியில் வழி கண்டுபிடித்து, பக்கத்துப் புல்வெளிக்குப் போயிற்று. அந்தப் புல்வெளியில்தான் வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது.

ஃபெர்மின் வாளியோடு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, மணப்பெண் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். வாத்தியக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு வாசித்தார்கள். ஆட்டுக்கறித் தட்டு ஒன்று தனியாக மிதந்து போயிற்று. தோனா ரெமேதியோஸ் பட்டு உடையைத் தூக்கிப் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் நின்றாள்.

"மன்னிச்சிருங்கம்மா, குழாய் ஒடைஞ்சு போச்சு" என்றார் ஃபெர்மின்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோல் பக்கமும் நல்லா நனைஞ்சிருக்கா?"

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து ஃபெர்மின் குனிந்து வாளியில் தண்ணீரை மொள்ளத் தொடங்கினார்.

மாலையில் நடுவர் வடக்கு மூலையில் பந்தைப் போட்டுப் பார்த்தார். அது துள்ளவில்லை, 'பொளக்' என்றது. ஆனால் நாடு முழுக்கக் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். இதைத் தள்ளிப் போட வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டே விசில் ஊதினார்.

தலைநகரத்து வீரர்கள் வழுக்கி விழுந்த விதத்தை எழுத்தில் கொண்டு வர முடியாது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பந்து அவர்கள் கோலுக்கு முன்னால் சேற்றில் புதைந்து நின்றது. அவர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கையில் எங்கள் பையன் ஒருவன் தோண்டி எடுத்து உள்ளே தள்ளினான். ஒன்றுக்குப் பூஜ்யம். வால்மோரா தப்பித்தது. தலைவர் கல்யாணக் கோட்டோடு சேற்றில் விழுந்து ஃபெர்மினின் நெற்றியில் முத்தமிட்டார்.

இருந்தாலும் அந்த அம்மாவின் பார்வை ஃபெர்மினை உறுத்திக்கொண்டே இருந்தது. பெற்ற தாய் ஆசையாகக் கொடுத்த முட்டை. திங்கட்கிழமை காலையில் மடத்து மரப்பெட்டியின் முன்னால் போய் நின்றார்.

"சிஸ்டர், எனக்காக ஜெபம் பண்ணுங்க. என்னால தோனா ரெமேதியோஸ் வேண்டுதல் வீணாப் போச்சு. வெயில் அடிச்சும் கல்யாணம் நனைஞ்சு போச்சு."

"வீணாவா? யார் சொன்னா?" பெட்டிக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பலிச்ச வேண்டுதலச் சொல்றதுல தப்பில்ல தம்பி. 'கல்யாணம் நனைஞ்சா நனையட்டும் சிஸ்டர், அந்தக் கிளப் மட்டும் கீழ எறங்கக் கூடாது. எறங்கினா இந்த மனுஷன் நாள் பூரா என் மருந்துக் கடையில வந்து ஒக்காந்துருவாரு'ன்னு அழுதுட்டுப் போனாங்க."