கேசரியைத் தொடாததற்கு விளக்கம்

அன்னவாசல்,
புதன்கிழமை, பிற்பகல்.

மதிப்புக்குரிய நாகராசு அவர்களுக்கு,

அன்னவாசல் உதயசூரியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி அமராவதி, மகள் காவ்யா மூவரும் நலம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியார் திலகவதி அவர்களும், தங்கள் மகன் செம்மலும், தங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கன்றுக்குட்டியை ஏன் சேர்த்தேன் என்பது போகப் போகத் தெரியும். 'அன்புள்ள சம்பந்தி' என்று தொடங்கத்தான் ஆசை. அப்படி மூன்று தாளில் எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன். அந்த உரிமை வந்த பிறகு எழுதிக்கொள்கிறேன்.

மூன்று நாளாகத் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. ஆகையால் கடிதம். அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். மெமோ வந்தால் விளக்கம் எழுதுவது எனக்குப் புதிதில்லை, இதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்ணின் தகப்பன், தங்கள் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போனது. சம்பந்தம் பிடித்திருந்தால் ஒரு வாய் சாப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் எதையும் தொடாமல் எழுந்துவிடுவார்கள் என்பது நம் பக்கத்தில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே பெண் கொடுக்க எங்களுக்கு மனமில்லை என்று தாங்கள் முடிவு கட்டியதில் தப்பே இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை. இந்தக் கடிதத்துடன் அமராவதி சுட்ட அதிரசம் இருபத்தொன்று, எவர்சில்வர் டப்பாவில் வைத்து அனுப்புகிறேன். டப்பா இப்போது என் இடது கைப்பக்கம்தான் இருக்கிறது. மூடி மட்டும் சரியாக உட்காரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன், ரிடையர் ஆனதும் அத்தனை வருடத்துக்கும் சேர்த்து உட்கார்ந்தேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் இலை முன்னால் உட்கார எழுந்திருப்பேன், பிறகு திரும்ப நாற்காலி. நடுவில் ஐந்து டீ, டீக்கு இரண்டு வடை. இரண்டே வருடம்தான், கால் எரிகிறது என்று டாக்டரம்மாவிடம் போனால், மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நானும் விவரமாக முதல் நாள் ராத்திரி வெறும் மோரைக் குடித்துப் படுத்து, காலையில் யோக்கியன் மாதிரி ரத்தம் கொடுத்தேன். அது நேற்றுச் சாப்பிட்டதைப் பார்க்கிற டெஸ்ட் இல்லையாம். நடுவழியில் ஏறுகிற செக்கிங் இன்ஸ்பெக்டர் போல மூன்று மாதத்துக்கும் சேர்த்து டிக்கெட் கேட்கிறது. ஒன்பது புள்ளி நான்கு என்று மாட்டிக்கொண்டேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த டப்பா மூடியைச் சரிசெய்யப் போனதில் ஓர் அதிரசம் ஓரத்தில் உடைந்துவிட்டது. உடைந்ததை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது மரியாதை இல்லை என்பதால் அதை அப்புறப்படுத்தினேன். மீதி இருபது. இரட்டைப்படையில் கொடுக்கக் கூடாது அல்லவா, ஆகவே பத்தொன்பது என்று திருத்தி வாசிக்கவும்.

காவ்யா புதுக்கோட்டையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பது தங்களுக்குத் தெரியும். அங்கே ரத்தம் எடுத்தது போதாதென்று வீட்டிலும் ஆரம்பித்தாள். என் பெயர்தான் உதயசூரியன், ஆனால் சூரியன் உதிப்பதை வேலைக்குப் போன நாளில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இப்போது ஐந்து மணிக்கு எழுப்பி நடக்கவிடுகிறாள். இட்லி ஏழிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. சோறு கரண்டிக் கணக்குக்கு வந்துவிட்டது, மிச்ச இடத்தில் கீரையும் அவரைக்காயும் வெள்ளரிக்காயும் ஏறி உட்கார்ந்துகொண்டன. உங்கள் ஊர் மலைமேல் கல் படுக்கையில் அந்தக் காலத்துச் சமணர்கள் பட்டினி கிடந்தார்கள் என்று டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்வார்களே, அவர்களுக்கும் லேப்பில் வேலை பார்க்கிற மகள் ஒருத்தி இருந்திருப்பாள். போதாக்குறைக்கு என் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டாள். எத்தனை அடி நடந்தேன் என்று அது எண்ணும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் இரண்டு தரம் அதிரும். எழுந்து நட என்று அர்த்தம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். புறப்படும்போது எனக்கு இரண்டு உத்தரவு. காவ்யா வாசலில் நின்று, "அப்பா, அங்கிட்டுப் போயி இனிப்பு கினிப்பத் தொட்டீங்க, டெஸ்ட்ல காட்டிக் குடுத்துரும், ஆமா" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அமராவதி என் காதில், "சக்கரைன்னு வாயத் தொறந்தீங்க, அம்புட்டுத்தான். பரம்பரை நோவும்பாங்க. தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்றாள். அதாவது சாப்பிடவும் கூடாது, ஏன் சாப்பிடவில்லை என்று சொல்லவும் கூடாது. இந்த நிலைமையில் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

திலகவதி அவர்கள் கேசரியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நெய் மிதந்தது. முந்திரி என்னைப் பார்த்தது. "ஒரு வாய் எடுத்துக்கங்கண்ணே" என்றார்கள். "எனக்குக் கேசரி புடிக்காதுங்க" என்றேன். அப்படிச் சொன்ன வாய் இது. ஜாங்கிரி வந்தது, பிடிக்காது என்றேன். வாழைப்பழம் வந்தது, அதுவும் பிடிக்காது என்றேன். காப்பி, கலர், இளநீர் என்று வரிசையாக வர வர, பிறந்ததிலிருந்து எனக்கு எதுவுமே பிடித்ததில்லை என்பது போல் ஆகிவிட்டது. "அப்ப என்னதாண்ணே புடிக்கும்?" என்று திலகவதி அவர்கள் அழாத குறையாகக் கேட்டபோது, "வெந்தயம் இருக்குங்களா?" என்றேன். நான் தொடாததால் அமராவதியும் தொடவில்லை. தட்டு அப்படியே இருந்தால் பெரிய அவமரியாதை ஆகிவிடுமே என்று, தாங்கள் வெற்றிலைப் பெட்டியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் கேசரியை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினேன். கன்றுக்குட்டி வாங்கிக்கொண்டது. அது சத்தம் போட்டுச் சாப்பிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முந்திரி ஒட்டிய மூக்கோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து இன்னொரு வாய் கேட்கும் என்றும் எதிர்பார்க்கவில்லை. ஆக, பெண் வீட்டின் சார்பில் அன்றைக்குக் கை நனைத்தது தங்கள் கன்றுக்குட்டி ஒன்றுதான்.

அத்தோடு போயிருந்தாலும் சமாளித்திருப்பேன். தாங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னங்க, பொண்ணு குடுக்கச் சம்மதந்தானே?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த நிமிடம் பார்த்து வாட்ச் அதிர்ந்தது. இரண்டு தரம். ஒரு விசில் அடித்தால் நிற்கணும், இரண்டு விசில் அடித்தால் போகணும் என்று முப்பத்திரண்டு வருடம் ஊறிப்போன உடம்பு இது. "ரைட்!" என்று கத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டேன். போனவன் சும்மா நிற்காமல், உட்கார்ந்த பாவத்துக்கு நடந்துவிடலாம் என்று தங்கள் வீட்டைச் சுற்றினேன். எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதென்று சத்தமாக எண்ணினேன். நான்காவது சுற்றில் தாங்கள் வந்து, "என்னங்க அளக்குறீங்க?" என்றீர்கள். "இன்னும் முந்நூறு அடி கொறையுதுங்க" என்றேன். "எங்க பாட்டன் காலத்து எடம்ங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு அடி கொறஞ்சதில்ல" என்று தாங்கள் சொன்னதும், துண்டை உதறித் தோளில் போட்டதும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஐயா, நான் சொன்னது என் காலடி. தங்கள் மனை சரியாகத்தான் இருக்கிறது. இத்துடன் அதிரசம் பதினைந்து என்று மறுபடி திருத்திக்கொள்ளவும். பாகு பதம் சரிதானா என்று பார்த்துவிட்டு அனுப்புவதுதானே முறை. சரியாக இருந்தது. இருந்தாலும் ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாது.

அன்று சாயங்காலமே செம்மல் காவ்யாவுக்குப் போன் செய்து, "ஒங்க அப்பாவுக்கு எங்க வீடு புடிக்கலையாமே" என்று கேட்டாராம். அதிலிருந்து காவ்யா என்னோடு பேசுவதில்லை. காலையில் விரலில் குத்துகிறாள், "நூத்தி அறுபத்தெட்டு" என்கிறாள், போய்விடுகிறாள். வேறு ஒரு வார்த்தை கிடையாது. நேற்று மட்டும் வாசலில் நின்று, "கட்டுனா அவரத்தான்ப்பா கட்டுவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே போயிச் சரி பண்ணுங்க" என்றாள். எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் இதுவரை தனக்கென்று என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் எனக்காகத்தான். என்னோடு பதினெட்டு வருடம் வண்டி ஓட்டிய டிரைவர் முத்துராஜ், இந்தச் சர்க்கரையைச் சட்டை செய்யாமல் இருந்து வலது காலில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டார். பிரேக் மிதித்த கால். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, "ஒங்க காலு எனக்கு வேணும்ப்பா" என்று காவ்யா அழுதாள். கல்யாணத்தில் அவள் பக்கத்தில் இரண்டு காலில் நான் நிற்க வேண்டும் என்றுதான் இத்தனை கீரையும் தின்றேன். இப்போது அந்தக் கீரையாலேயே கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. மனது சரியில்லாதபோது கை எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. அதிரசம் ஒன்பது.

ஆகவே தாங்கள் பெரிய மனது செய்து என் விளக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை காலை குடும்பத்தோடு மறுபடி வருகிறோம். திலகவதி அவர்கள் கேசரி கிண்டட்டும். எவ்வளவு வைத்தாலும் வழித்துச் சாப்பிடுகிறேன். டெஸ்ட்டில் எந்த நம்பர் வந்தாலும் வரட்டும், என் மகளுக்காக ஒரு நாள் ஏறட்டும். மறைத்தது தப்புத்தான். இனிமேல் உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. சர்க்கரை ஒன்றைத் தவிர இந்த உடம்பில் வேறு ஒரு குறையும் கிடையாது, பிரகதாம்பாள் அம்மன் சாட்சி.

மாப்பிள்ளை செம்மலுக்கு எங்கள் ஆசிகள். திலகவதி அவர்களுக்கு வணக்கமும் மன்னிப்பும். கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுக்கவும். இரு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாளை அம்மன் சீக்கிரம் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஏழு அதிரசத்துடன்,
உதயசூரியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் காவ்யா வேலையிலிருந்து வந்துவிட்டாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரலில் குத்தினாள். இருநூற்று எழுபத்தொன்று. நாங்கள் நலம் என்று மேலே எழுதியது ஒரு வழக்கத்துக்காக எழுதியது. அதிரசம் பூஜ்யம் என்று கடைசியாகத் திருத்திக்கொள்ளவும்.

அதை விடுங்கள், இதைக் கேளுங்கள். செம்மல் இன்று மத்தியானம் காவ்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். தங்களுக்கும் சர்க்கரையாமே! ஆறு வருடமாகவாமே! மாத்திரை அந்த வெற்றிலைப் பெட்டியில்தான் இருக்கிறதாமே! நான் அதைத் தெரிந்துகொண்டுதான் கை நனைக்காமல் போய்விட்டேன் என்று வெட்கப்பட்டுத்தான் என் போனை எடுக்காமல் இருந்தீர்களாம். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தங்கள் தட்டிலும் கேசரி வைத்தபடியே இருந்தது. பெண் வீட்டுக்காரன் எதிரில் மாப்பிள்ளையின் தகப்பன் இனிப்பைத் தொடாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தமாம்? ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி திலகவதி அவர்களுக்கும் கன்றுக்கும் உரியது.

வெள்ளிக்கிழமைக் கேசரியையும் ரத்து செய்யவும். "கை நனைக்கிறதுன்னா கேசரிதான்னு யாருப்பா சொன்னா? மோர்ல கை நனையாதா?" என்று காவ்யா கேட்கிறாள். நேற்று வாசலில் போட்ட உத்தரவை விட்டால், மூன்று நாளில் நம்பர் இல்லாமல் அவள் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டாவது, "வெள்ளிக்கெழம வேணாம், இப்பவே போங்க. பஸ்ஸு கெடையாது. நடங்க" என்பது. உங்கள் வீடு ஏழாயிரத்துச் சொச்சம் அடியாம். அவள் ஸ்கூட்டியில் பின்னாலேயே வருகிறாள், நான் நின்றால் இரண்டு ஹாரன் அடிப்பாளாம். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவருகிறேன். ஆகவே தாங்கள் இதைப் படிக்கும்போது நான் காலி டப்பாவோடு உங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன். நிமிர்ந்து பாருங்கள். சம்பந்தி, ஒரு சொம்பு மோர் கொடுங்கள், கை நனைத்துக்கொள்கிறேன். உப்பு மட்டும் போட வேண்டாம். பிரஷரும் இருக்கிறது, மேலே எழுத விட்டுப்போய்விட்டது. அம்மனிடம் நான் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.