சைக்கிள் டியூப் போட்ட கீபோர்டு

இன்டர்வியூவுக்கு சர்ட்டிபிகேட் எடுத்துப் போவார்கள், பேனா எடுத்துப் போவார்கள். நான் கீபோர்டு எடுத்துப் போனேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. (என் வீட்டில் மற்ற எல்லோருக்கும் புரிகிறதாம்.)

தொண்ணூறுகளின் நடுவில், ஆவடியில், அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கூடவே மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ். அந்த சென்டரில் மூலை உடைந்த பழைய கீபோர்டு ஒன்றைத் தூக்கிப் போட இருந்தார்கள். கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் என்ன? சுவரைப் பார்த்து உட்கார்ந்து தினமும் இரண்டு மணி நேரம் அடித்தேன். தம்பி அதற்கு 'பாட்டு வராத ஆர்மோனியம்' என்று பேர் வைத்தான்.

ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனி ஸ்பிரிங் வைத்த ரகம் அது. அடித்தால் தெருமுனை வரை கேட்கும். அப்பாவோ நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்.

"ஸ்டெல்லா, பேக்டரியிலதான் மெஷின் சத்தம்னா, வீட்லயுமாம்மா?" என்றார்.

உடனே ரிப்பேர் வேலையில் இறங்கினேன். சைக்கிள் வால்வு டியூபை மெல்லிய வளையங்களாக நறுக்கி, எழுத்து மூடிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று மாட்டினேன். சத்தம் பாதியானது. எஃப், ஜே இரண்டிலும் விரலுக்கு அடையாளமாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு. பின்பக்கம் உயரமாக இருக்க இரண்டு தீப்பெட்டி. இன்டர்வியூவுக்கு முதல் நாள் மாலை, கடைசி அலங்காரமாக, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை எழுத்துக்கு ஒரு சொட்டு விட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனி. ஒரே ஒரு வேலை, பதினோரு பேர் வந்திருந்தோம். எனக்குக் கிடைக்காவிட்டால் மறுநாளே கொரட்டூரில் அத்தையின் டியூஷன் சென்டரில் வாண்டுகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரப் போக வேண்டும். பேச்சு முடிந்துவிட்டது. அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

என் ரெக்ஸின் பையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து சூப்பர்வைசர் எழுந்தே விட்டார்.

"என்னம்மா இது?"

"டைப்ரைட்டிங் எக்ஸாமுக்கு மெஷினை நாங்கதான் சார் கொண்டுபோவோம்."

மனிதர் நல்லவர். கம்ப்யூட்டரை அணைத்து, மாட்டி, மறுபடி போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்கப் பெயர்களும் ஊர்களும், பத்து நிமிடம். கண் தாளை விட்டு நகரக் கூடாது என்பது இன்ஸ்டிடியூட் பாடம், நகரவில்லை. கட்டைகள் பஞ்சு மாதிரி இறங்கின. ஏழாவது நிமிடமே முடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன்.

ஸ்க்ரீனில் ஒரு எழுத்துகூட இல்லை.

எண்ணெய் குடித்த ரப்பர் ராத்திரியோடு ராத்திரியாக ஊதியிருக்கிறது. எந்த எழுத்தும் அடிவரை இறங்கவில்லை. வளையம் போடாத ஸ்பேஸ் பாரும் என்டரும் மட்டும் மாங்குமாங்கென்று உழைத்திருக்கின்றன. சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார்.

"இடைவெளி எல்லாம் கரெக்டா இருக்கும்மா" என்றார்.

பத்து பேரும் சிரித்தார்கள். அவர் கம்பெனி கீபோர்டை நீட்டினார். வாங்கியிருக்கலாம். புத்தியுள்ளவள் வாங்கியிருப்பாள். எனக்கோ காது மடல் வரை கோபம்.

"இதுலயேதான் சார் அடிப்பேன். அஞ்சு நிமிஷம் குடுங்க."

ஹேர்பின்னை உருவி வளைத்து, இருபத்தாறு எழுத்தையும் நெம்பிக் கைக்குட்டையில் கொட்டினேன். வளையங்களைப் பிய்த்து எறிந்தேன். பொட்டு வைத்த இரண்டை மட்டும் பார்த்து அதனதன் இடத்தில் வைத்தேன். மற்றதெல்லாம் கைக்கு வந்த இடத்தில் அமுக்கினேன். பார்க்காமல் அடிக்கிறவளுக்கு மேலே என்ன எழுதியிருந்தால் என்ன? அடித்தேன். அந்த டக்டக்கில் ஹாலே நின்று பார்த்தது. ஒரு பிழை இல்லை.

சூப்பர்வைசருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே உட்கார்ந்து, எழுத்தைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். வந்தது எந்த மொழியிலும் இல்லாத பெயர். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எனக்கு வேலை கொடுத்துவிட்டார். கீபோர்டும் என்னோடு வேலைக்குச் சேர்ந்தது.

எழுத்துகளைச் சரியாக மாட்டச் சொல்லிப் பலமுறை கேட்டார்கள். மாட்டவில்லை. என் சீட்டில் வேறு யாரும் உட்கார முடியாது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வினை அங்கேதான் இருந்தது: என் சீட்டுக்கான கம்பெனி கீபோர்டு வேறு மெஷினுக்குப் போய்விட்டதால், நான் லீவு போட்டால் வேலை அப்படியே நின்றுவிடும்.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள். பூந்தமல்லியில் மாமியார் வீட்டில் விருந்துச் சாப்பாடு. வாசலில் எங்கள் ஆபீஸ் பியூன் ஏழுமலை வந்து நின்றார், கையில் ஒரு வெள்ளைத் தாளோடு.

"மேடம், கோச்சுக்காதீங்க. ஏ எங்க கீது, பி எங்க கீதுன்னு இதுல எயிதிக் குடுத்தீங்கன்னா போதும். நான் வாங்கிகினு போயிடறேன்."

மொத்த விருந்தும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"முடியாது ஏழுமலை. திங்கக்கிழமை நானே வரேன்னு சொல்லுங்க" என்றேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யாராவது பெண் பார்க்கப் போகும் கதையோடு வந்தால், மாமியார் இதைத்தான் எடுத்துவிடுவார்.

"படிச்ச பொண்ணுன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. மூணாம் நாளே ஒரு ஆளு வந்து ஏ எங்கன்னு கேட்டாரு. கடைசி வரைக்கும் இவ சொல்லலியே!"