சிங்கத்தைக் கூப்பிடும் விதம்

விதைக்கடலைக்காய் உடைத்துக்கொண்டே, நடுநடுவே கையை முந்தானையில் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பருப்பின் சிவப்புத் தோல் உரிந்துவிட்டால் முளைக்காது. பயந்தவள் கைதான் இதற்குத் தோது என்பார்கள். எனக்கு நன்றாகவே வரும்.

எனக்குப் பயம் இரண்டு. ஒன்று நாய். போன கோடையில் பக்கத்துத் தோட்டத்து எருமையை வெறிநாய் கடித்து, அது கத்திக் கத்திச் செத்ததைக் கேட்டவள் நான். இன்னொன்று எங்கள் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. வாசலிலிருந்து நேரே நடந்தால் அதில்தான் போய் முடியும். என் மகள் சௌந்திரம் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

இந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் நாமக்கல் சந்தையிலிருந்து நாய்க்குட்டி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

"கொழந்தை இருக்கற ஊட்டுலீங்களா?"

"சிங்கம்னு பேரு வெச்சிருக்கறேன். பங்களாவுல துரையோட நாயைப் பாத்தேன் புள்ள. 'சிட்'டுங்கறாரு, உக்காருது. நம்முளுது அதுக்கு மேல கேக்கும்."

"கடிச்சுப்போட்டா?"

"நாம் பழக்கறேன், நீ பாரு. நாந் தின்ன மிச்சந்தான் அதுக்கு. அப்பத்தான் எசமான் ஆருன்னு தெரியும்."

அன்று முதல் வாசலில் பாடம் நடந்தது. அவர் "சிட்" என்பார். குட்டி அவர் காலை நக்கும். எப்படி என்று அவரே உட்கார்ந்து காட்டுவார். குட்டி நின்று பார்க்கும். ஒரு வாரத்தில் அவர் நன்றாக உட்காரப் பழகிவிட்டார்.

சௌந்திரமோ குட்டியின் வாலை விடமாட்டாள். அது போகிற இடமெல்லாம் தத்தித் தத்திப் பின்னால் போவாள். கடித்துவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடுவேன்.

சோறு ஆனதும் கதவோரம் நின்று "ஏனுங்க" என்பேன். வேறெப்படிக் கூப்பிடுவது? புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமே. அவர் வந்து தின்பார். மிச்சத்தைக் குட்டிக்குப் போடுவார். குட்டி அந்தச் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது. "ஏனுங்க" என்றால் சோறு. நான் வாயெடுத்தால் போதும், அவருக்கு முன்னால் வந்து நிற்கும். "சிங்கம், சிங்கம்" என்று அவர் தொண்டை கட்டக் கத்தினாலும் காதைக்கூட ஆட்டாது.

இதைப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏ மாப்ள, உங்கூட்டுல ஒருத்தரக் கூப்புட்டா ரெண்டு பேரு வாரீங்க. மொதல்ல வாரவருதான் ஊட்டுக்காரரா?"

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வார சந்தையில கொண்டுபோயி உட்டர்றேன்," என்றார். எனக்கு நிம்மதி. அது மறுநாள் காலை வரைக்கும்தான்.

மறுநாள், "கொழந்தையப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். எட்டிப் பார்த்தால், கட்டிலில் அவர் வாயைத் திறந்து தூங்குகிறார். குட்டி கிணற்று மேட்டில் ஓணானைத் துரத்துகிறது. அதன் பின்னால் கையை நீட்டிக்கொண்டு சௌந்திரம். கிணற்று விளிம்புக்கு ஒரு ஆள் தூரம்கூட இல்லை.

ஓடினால் எட்டாது. அவள் பேரைச் சொன்னால் விளையாட்டென்று இன்னும் ஓடுவாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஏனுங்க."

அவரைத்தான் கூப்பிட்டேன். அவர் "ம்... வாரேன்" என்று புரண்டு படுத்தார். குட்டி ஓணானை விட்டுவிட்டு என்னிடம் பாய்ந்தது. வாலைப் போகவிடுவாளா சௌந்திரம்? திரும்பினாள். தத்தித் தத்தி அதன் பின்னாலேயே வந்து என் மடியில் விழுந்தாள்.

குழந்தையையும் நாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து வந்து, "சோறு ஆச்சா புள்ள?" என்றார்.

சொன்னேன். அன்றைக்கே முள் வெட்டி வந்து கிணற்றைச் சுற்றி வேலி போட்டார். சந்தைப் பேச்சு அத்தோடு போயிற்று.

"ஆனா இனிமே அதையச் சிங்கம்னு கூப்புட்டுப் பழக்கு."

"மாட்டனுங்க."

"அப்ப என்னிய என்னன்னு கூப்புடுவ?"

தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். "உங்களக் கூப்புட்டா நீங்க வரலீங்களே. வாரதுக்கே அந்தப் பேரு இருக்கட்டுமுங்க."

இப்போது சிங்கம் வளர்ந்துவிட்டது. காடு மேட்டுக்கு ஓடிவிட்டால் அவர்தான் தேட வேண்டும். இதோ, வரப்பில் நின்றுகொண்டு, "ஏனுங்க... ஏனுங்க..." என்று கூப்பிடுகிறார். பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் அவரைப் பார்த்து, "என்ன புள்ள, சோறு ஆச்சா?" என்கிறார். நாய் என் காலடியில் முறத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது.

"ஏ புள்ள, அது அங்க இருக்குதா? வந்து சொல்லு," என்று என்னைக் கூப்பிடுகிறார். இருக்கிறது என்றால் சின்னண்ணன் சிரிப்பார். இல்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் அவர் என்னைப் போலவே "ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்னொரு கடலைக்காயை எடுத்து உடைக்கிறேன்.